கோணல் மானிட்டர்

அத்தியாயம் 14

மூன்று வாரமாக அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் மானிட்டர் பேச்சுதான். காபி ஆறினாலும் மானிட்டர், மழை தூறினாலும் மானிட்டர். வீட்டுப் பெரியவர் சீப்ரன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்லில் வெட்டுவதற்கான எழுத்துகளைக் கணினியில் அடுக்கித் தருவது சீப்ரனுக்குத் தொழில். அவர்களுடைய மாகாணமான ஃபிரீஸ்லாந்துப் பக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் அவர் அடுக்கிய பெயர் ஒன்றாவது நிற்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, நகராட்சிப் படிவம் ஒன்றைத் திறந்தார். அதன் கோடுகள் நடுவில் தொப்பை வைத்தது போல வளைந்து தெரிந்தன. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் மாப்பிள்ளை யோஸ்ட் வாக்யூம் கிளீனரை இழுத்துக்கொண்டு மாடியில் நடமாடினான். சீப்ரனுக்கு அது போதாதா? மகள் நின்கெயின் சிநேகிதிகள் காபி குடிக்க வந்திருந்த சமயமாகப் பார்த்து, "என் மானிட்டரை இடிச்சுத் தள்ளிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கான் பாருங்க" என்று பிடித்துக்கொண்டார்.

யோஸ்ட் காது வரை சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான். மறுநாளே புது மானிட்டர் வந்தது. அதிலும் கோடுகள் வளைந்தன. திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது வந்தது, அதுவும் வளைந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட கடைப்பெண் சீப்ரனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் அவர் அசையவில்லை. பழசை மாப்பிள்ளை கெடுத்தான், புதுசுகளைக் கம்பெனிக்காரன் கெடுத்தான். இதுதான் அவருடைய தீர்ப்பு.

இன்று மன்னர் தினம், நாட்டு மன்னரின் பிறந்தநாள். தெருவெல்லாம் அரச குடும்பத்தின் ஆரஞ்சு நிறம். காலையிலேயே நின்கெ ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பாகு பூசிய க்ரீம் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். பக்கத்திலேயே டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தினாள்.

"அப்பா, மூணு பார்த்து வச்சிருக்கேன். இன்னிக்கு ஒண்ணை முடிவு பண்ணிடுங்க. இல்லேன்னா நான் வீட்டைவிட்டு ஓடிடுவேன்."

"காட்டு."

"இது இருபத்தேழு அங்குலம். இது முப்பத்திரண்டு. இது வளைஞ்ச திரை. இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்களாம்."

"வளைஞ்சதை எதுக்கும்மா காசு குடுத்து வாங்கணும்? அது ஏற்கெனவே மாடியில ஒண்ணு இருக்கே!"

நின்கெ சிரித்துவிட்டாள். சீப்ரனும் சிரித்தார். யோஸ்ட் மட்டும் கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தான். அழுத்தினால் க்ரீம் எல்லாம் பக்கவாட்டில் பிதுங்கி வழிகிற கேக் அது.

"எனக்குப் பெரிசும் வேணாம், பளபளப்பும் வேணாம்" என்றார் சீப்ரன். "நேர்க்கோடு நேரா தெரியணும். உலகத்துல அதுக்குக்கூடவா பஞ்சம்?"

"மாமா, நாம கடைக்கே போய்ப் பார்த்துடலாமே" என்றான் யோஸ்ட். "நாளைக்கு நான் லீவு போடறேன். வரிசையா இருபது முப்பது வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் நீங்களே பாருங்க. எல்லாமே கோணலா தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

"ஒண்ணுமில்ல. பார்த்துட்டு யோசிப்போம்னு சொல்ல வந்தேன்."

"நீ வந்தா அந்த முப்பதையும் இடிச்சு வச்சுட்டுத்தான் வருவே."

"அப்பா!" என்றாள் நின்கெ.

யோஸ்ட் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். சீப்ரனுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் உறுத்தலை வளர விடுகிற ஆள் இல்லை அவர். காபியை ஒரே மடக்கில் குடித்து உறுத்தலையும் சேர்த்து விழுங்கினார்.

"எப்படியோ, கல்லு வேலை முன்னாடியே போயிடுச்சு. அதுவரைக்கும் நல்லது" என்றாள் நின்கெ.

"பின்னே? வியாழக்கிழமை அனுப்பிட்டேன். உன் புருஷன் சனிக்கிழமைதானே இடிச்சான். ரெண்டு நாள் தள்ளிப் போயிருந்தா கதை கந்தல்."

அந்தக் கல் சாதாரணக் கல் இல்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் ஒன்பது பேரை எதிரிப் படையினர் கால்வாய்க் கரையில் நிறுத்திச் சுட்டார்கள். உடல்கள் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து ஊரார் கூடி அந்த இடத்தில் ஒரு கல் வைக்கிறார்கள். மே நாலாம் தேதி மாலை எட்டு மணிக்குப் போரில் மாண்டவர்களுக்காக ஊரே இரண்டு நிமிடம் வாய் திறவாமல் நிற்குமே, அப்போதுதான் திறப்பு. ஒன்பது பெயர், ஒன்பது வரி. சீப்ரன் அதற்குக் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நிறைய வாங்கிக்கொண்டார். பேக்கரியில் நின்றாலும் அந்தக் கல்லைப் பற்றியே பேச்சு கொடுத்து, நாலு பேர் வாயால் தன் பேரைக் கேட்டுக்கொண்டு வருவார்.

பத்து மணிக்குத் தெருவில் கடை விரித்தார்கள். மன்னர் தினத்தில் யார் வேண்டுமானாலும் வாசலில் போர்வையை விரித்து வீட்டுப் பழசை விற்கலாம். நின்கெ பழைய காலணிகளையும் வாஃபிள் பலகாரம் சுடும் இரும்பு அச்சையும் பரப்பினாள். யோஸ்ட் பழைய மானிட்டரை மாடியிலிருந்து தூக்கி வந்து நடுவில் வைத்தான். சீப்ரன் ஓர் அட்டையில் தடித்த பேனாவால் எழுதி அதன்மேல் சாய்த்தார்.

'பழுது. கோடுகள் கோணலாகத் தெரியும். உதிரி பாகங்களுக்கு மட்டும். ஐந்து யூரோ.'

"இப்படி எழுதினா எவன் வாங்குவான்?" என்றாள் நின்கெ.

"இருக்கிறதை இருக்கிறபடி சொல்லி விக்கணும். மறைச்சு விக்கிறதுக்கு நான் என்ன திருடனா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேர்மை விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். பாவம்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாம் வீட்டு வீட்ஸ்கெ அம்மாள் நான்கு சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். எண்பது தாண்டியவர். தலையில் ஆரஞ்சுத் தொப்பி. வாய்க்கு மட்டும் இருபது வயதுதான்.

"அடேய் சீப்ரன், இதுல என்னடா கோளாறு?"

"அட்டையைப் படிங்க, வீட்ஸ்கெ அம்மா."

"படிச்சேன். எனக்குக் கோடு எதுக்கு? கனடாவுல இருக்கிற என் அக்கா மக வீடியோல பேசினா, இந்தக் குட்டி போன்ல அவ மூக்கு மட்டும்தான் தெரியுது. பெரிசா பார்க்கணும். மூக்கு கொஞ்சம் கோணலா தெரிஞ்சா தெரியட்டும், அவளுக்கு அது பொறவியிலேயே கோணல்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்ஸ்கெ அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நாலாந்தேதி எங்கூட முதல் வரிசையில நீ நிக்கணும், தெரியுதா? எங்கப்பா செத்து மூணு மாசம் கழிச்சுப் பொறந்தவ நான். அவரு மூஞ்சியைப் பார்த்ததில்ல. ஒரு குழிகூட இல்ல, பூ வைக்க. இப்பத்தான் அவரு பேரு ஒரு எடத்துல நிக்கப்போகுது. தடவிப் பார்க்கணும்டா நான்."

"உங்க அப்பா பேருக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்" என்றார் சீப்ரன். பெருமையில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மத்த எட்டுக்கும் சேர்த்து ஒரு நாள், அந்த ஒண்ணுக்கு ஒரு நாள். கடைசியில கணினி போடற வழிகாட்டிக் கோடுகளையெல்லாம் அணைச்சுடுவேன். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால பார்த்துத் தள்ளித் தள்ளி வைப்பேன். மெஷின் நேர்னு சொல்றது வேற, கண்ணுக்கு நேரா இருக்கிறது வேற."

"நல்லா இருப்பே. சரி, இதைப் போட்டுக் காட்டு. பார்க்காம வாங்கமாட்டேன்."

யோஸ்ட் தயங்கினான். "வேணாம் அம்மா, சும்மாவே எடுத்துட்டுப் போங்களேன்" என்றான்.

"ஏன்? போட்டுக் காட்டு. கோணலை எல்லாரும் பார்க்கட்டும்" என்றார் சீப்ரன்.

யோஸ்ட் உள்ளே போய், ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டினான். நின்கெ தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மாட்டி, கட்டம் போட்ட வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"தெரியுதா?" என்றார் சீப்ரன். "நடுவுல பாருங்க. அப்படியே உப்பிக்கிட்டு நிக்குது."

நாலைந்து தலைகள் திரையை நோக்கிக் குனிந்தன.

"எங்கடா?" என்றார் வீட்ஸ்கெ அம்மாள். "போன வருஷம்தான் ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க எனக்கு. ஸ்கேல் வச்சு இழுத்தாப்பல இருக்கேடா!"

"இங்க. இதோ, இங்க!" சீப்ரன் திரையின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். நின்கெயும் பார்த்தாள், அவள் முகம் மெல்ல மாறியது.

அப்போதுதான் யோஸ்ட் பேசினான்.

"ஆமா, வளைஞ்சுதான் இருக்கு. இடது மூலையில, லேசா. வெயில்ல சட்டுனு தெரியாது. நான் இடிச்சதுதான்."

இடது மூலை என்றான். சீப்ரனின் விரல் இன்னும் திரையின் நடுவில்தான் இருந்தது.

அவனுக்குக் கோணல் தெரியவில்லை. எதுவும் தெரியாமலே, மாமனாரைக் காப்பாற்றுவதற்காக ஊர் பார்க்கப் பொய் சொல்கிறான். சீப்ரனுக்கு அந்தக் கணமே அது விளங்கிவிட்டது. விரலை எடுத்துக்கொண்டார். முகம் தீப்பட்டது போல் எரிந்தது.

"நான்... உள்ள போயிட்டு வரேன்."

கீழே கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டார். எதிரே வெள்ளை ஓடு பதித்த சுவர். ஓடுகளுக்கு இடையே சாம்பல் நிறக் கோடுகள். தானே நின்று, நூல் பிடித்துப் பதிக்கச் சொன்ன ஓடுகள். இடது கண்ணை மூடினார். வலது கண்ணுக்குக் கோடுகள் நடுவில் உப்பி வளைந்தன. வலது கண்ணை மூடினார். அத்தனையும் நேராக நின்றன.

மறுபடி செய்து பார்த்தார். ஏதாவது மாறுமா என்று நாலைந்து தடவை செய்தார். எதுவும் மாறவில்லை.

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. விருந்தாளிகள் முன்னால் அவனை நிறுத்தி வைத்துப் பேசிய பேச்சு, இன்று காலை கேக் தின்னும்போது பேசிய பேச்சு, எல்லாம் சொல்லுக்குச் சொல் காதில் திரும்பி வந்தன. கடைப்பெண்ணிடம் பெட்டியை நீட்டி, "உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?" என்று வேறு கேட்டிருந்தார்.

கதவைத் திறந்தால் நடையில் யோஸ்ட் நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, தண்ணி வேணுமா?"

"ஏன்டா பொய் சொன்னே?"

"எது?"

"இடது மூலை."

யோஸ்ட் தலையைச் சொறிந்தான். "சும்மாதான். அத்தனை பேரும் உங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்குப் பொறுக்கலை."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது மானிட்டர் வந்தப்பவே. நீங்க தூங்கினப்புறம் ஸ்கேலை வச்சுப் பார்த்தேன். நேராத்தான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"எப்படி மாமா சொல்றது? உங்க கண்ணுதான் உங்க பொழைப்பு. அதுல கோளாறுன்னு நான் போய்ச் சொன்னா தாங்குவீங்களா? அதான் கடைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தேன். வரிசையா முப்பதும் கோணலா தெரிஞ்சா நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு."

சீப்ரன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறியது.

"அன்னிக்கு... நீ அதை இடிக்கவே இல்ல, இல்லையா?"

"இடிக்கிறதா? அன்னிக்கு நான் உங்க அறைக்குள்ளேயே போகலை மாமா. வராந்தாவோட திரும்பிட்டேன். போனா திட்டுவீங்களேன்னு."

"பின்ன எதுக்குடா மன்னிப்புக் கேட்டே?"

"நின்கெ அழுதுடுவா போல இருந்துச்சு. பேச்சு அத்தோட முடியட்டும்னு கேட்டேன்."

சீப்ரன் அவன் கையைப் பிடித்தார். பிடித்தாரே தவிர, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் பேசினது ரொம்பத் தப்பு. அந்தப் பொண்ணுங்க அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு, அவங்க முன்னாடியே நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"ஐயோ, அவங்க மறுபடி வந்தா கேக் நான்தான் பண்ணணும். இங்கயே கேட்டது போதும், விடுங்க மாமா. நாளைக்குக் கடை வேணாம். கண் டாக்டர்கிட்டப் போவோம்."

சீப்ரன் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

வியாழக்கிழமை கல் போனது. சனிக்கிழமை யோஸ்ட் இடித்தான். மூன்று வாரமாக அவர் பிடித்துத் தொங்கிய கயிறு இதுதான். யோஸ்ட் இடிக்கவே இல்லை என்றால், கோணல் எந்த நாளில் தொடங்கியது?

அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. தாக்கெ வெஸ்டர்ஹௌஸ் என்ற நீளப் பெயர், ஐந்தாவது வரி. அன்று எழுத்துகள் உட்காரவே மாட்டேன் என்றன. ஒன்றைத் தாழ்த்தினால் அடுத்தது எம்பியது. வீட்ஸ்கெ அம்மாளின் அப்பா பேராச்சே, ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாது என்று சாயங்காலம் வரை தள்ளித் தள்ளி, கண்ணுக்கு நேராக வந்த பிறகுதான் அனுப்பினார். எந்தக் கண்ணுக்கு?

"மாமா? என்ன ஆச்சு?"

சீப்ரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கல் வெட்டும் ரொம்மெர்ட்டை அழைத்தார். மறுமுனையில் வாத்திய இசையும் கூச்சலும் கேட்டன.

"என்னப்பா சீப்ரன்! பண்டிகையும் அதுவுமா?"

"ரொம்மெர்ட், கால்வாய்க் கல்லு எந்த அளவுல இருக்கு? ஆரம்பிச்சுட்டியா?"

"ஆரம்பிக்கிறதா? நேத்தே முடிச்சுட்டேன். துணி போட்டு மூடி வச்சாச்சு. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் நிறுத்தறோம்."

சீப்ரன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் ரொம்மெர்ட். "அஞ்சாவது வரியில எழுத்தெல்லாம் ஏறி ஏறி இறங்குதே, அது என்ன கணக்கு? தண்ணியில அலை ஆடற மாதிரி இருக்கு. கால்வாய்க்காகப் பண்ணினியா?"

"கேட்டிருக்கலாமேப்பா."

"உன்னையா? முப்பது வருஷத்துல உங்கிட்ட ஒரு எழுத்து தப்பி நான் பார்த்ததில்ல. போனைக்கூடக் கையில எடுத்தேன். உன்னைப் போய் இதைக் கேக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு. சீப்ரன் வச்சா காரணத்தோடதான் வச்சிருப்பான்னு, நீ குடுத்ததைக் குடுத்தபடியே வெட்டிட்டேன்."

சீப்ரன் போனை அணைத்தார். யோஸ்டிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை அவனாலும் எந்த மூலையையும் காட்டிக் காப்பாற்ற முடியாது.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"அடேய் சீப்ரன்! காசு குடுத்தாச்சு. இதைத் தூக்கிட்டு வர்றியா, இல்ல நான் தலையில வச்சுட்டுப் போகணுமா?"

"நான் தூக்கிட்டுப் போறேன் மாமா, நீங்க உட்காருங்க" என்றான் யோஸ்ட்.

"வேணாம்டா. இதை நான்தான் தூக்கணும்."

வெளியே வந்தார். மானிட்டரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். வீட்ஸ்கெ அம்மாளின் நடைவண்டி தடதடவென்று முன்னே போக, பின்னாலேயே நடந்தார். அந்த அம்மாள் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். நாலாந்தேதிக்குக் கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறாராம். கனடாவிலிருந்து அக்கா மகளும் விமானம் ஏறுகிறாளாம். கல்லைத் தடவும்போது கையுறை போட்டுக்கொள்ள மாட்டாராம்.

தன் வீட்டுக்குள் போனதும் வீட்ஸ்கெ அம்மாள் ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

"அங்க வச்சுடு. நேரா வை. நீ வச்சா நேராத்தான் இருக்கும்."

சீப்ரன் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்க்க வலது கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு திரும்பி, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வீட்ஸ்கெ அம்மா, கொஞ்சம் உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."